டம்ளருக்கு அடியில் ஒரு சீட்டு

மாடியில் குடியிருக்கும் பெண் போன வெள்ளிக்கிழமை காலையில் இறங்கி வந்து, நிலைப்படியில் நின்றபடியே ஒன்று கேட்டாள். பேங்க்கில் வேலை பார்ப்பவள். உட்கார்ந்து பேச அவளுக்கு நேரம் இருக்காது. அவள் வீட்டுக்காரர் சீட்டு எண்ணக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு ஒன்றுக்குப் பணம் கட்டப் போகிறாராம். சீட்டு என்றால் மாதச் சீட்டு இல்லை, விளையாடுகிற சீட்டு. அதே வகுப்புக்குத்தான் எங்கள் வீட்டுக்காரரும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் போனார் என்பது அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

“அந்தக் கிளாஸால ஏதாவது பிரயோஜனம் இருந்துச்சாம்மா? கட்டுற காசுக்குத் தகுமா? நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா நான் அவர்கிட்ட சொல்லிடுவேன்.”

நேருக்கு நேர் யாராவது கேட்டால் எனக்கு வாயில் வார்த்தை வராது. பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தேன். அந்த ஐந்து வருஷமும் விடை தெரிந்தாலும் கையைத் தூக்கியதில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அவளை அனுப்பிவிட்டேன். அவள் போன பிறகுதான் நினைத்துக்கொண்டேன், யோசிக்க என்ன இருக்கிறது என்று. பதில் எனக்குத் தெரியும். அதைச் சொல்லப் போனால் நான் செய்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதனால்தான் முதலில் எழுதிப் பார்க்கிறேன். எழுதும்போது எதிரில் யாரும் நிற்பதில்லை.

எங்கள் வீட்டுக்காரர் டவுன் பஸ் கண்டக்டராக இருந்தவர். சென்ட்ரலுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவிலேயே அவருடைய பாதி ஆயுசு ஓடியது. பாலக்கரையில் எத்தனை பேர் ஏறினார்கள், மெயின்கார்டு கேட்டில் எத்தனை பேர் இறங்கினார்கள் என்று அவர் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. படிக்கட்டில் விழுகிற காலடியை வைத்தே வண்டிக்குள் எத்தனை தலை என்று சொல்லிவிடுவார் என்று அவருடைய டிரைவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது என்னிடமே சொல்லியிருக்கிறார். மீதிச் சில்லறையை மற்ற கண்டக்டர்கள் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுப்பார்கள். இவர் எழுத மாட்டார். அந்த ஆள் திருவானைக்காவலில் இறங்குவார் என்பது நினைவில் இருக்கும். அதற்கு முந்தின ஸ்டாப்பிலேயே போய்க் கையில் வைத்துவிடுவார்.

அத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் மாட்டினார். மாம்பழச்சாலையில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறி எண்ணியபோது ஒரு ஆள் டிக்கெட் இல்லாமல் நின்றிருந்தார். வைகுண்ட ஏகாதசிக் கூட்டம். மூச்சு விட இடமில்லாத வண்டி. ஒரு மெமோ கொடுத்தார்கள், வேலைக்கு ஒன்றும் ஆபத்து வரவில்லை. ஆனால் அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. “ஒரு தலை விட்டுப்போச்சு” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளை தொட்டாலும் திரும்பவில்லை. அந்த முகத்தை இன்னொரு தடவை நான் பார்க்கக் கூடாது என்று அன்றைக்கு மனதில் வைத்துக்கொண்டேன். பின்னால் நான் செய்ததற்கெல்லாம் அந்த முகம்தான் காரணம்.

ரிட்டயராகி எட்டு, ஒன்பது வருஷம் போயிருக்கும். ஒருநாள் போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். பிளாக்ஜாக் என்று ஒரு ஆட்டம். வெளிநாட்டுச் சூதாட்ட கிளப்புகளில் ஆடுவார்களாம். விழுந்த சீட்டுகளை மனதில் எண்ணிக்கொண்டே வந்தால், மிச்சம் இருப்பது பெரிய சீட்டா சின்ன சீட்டா என்று தெரிந்துவிடும், அதை வைத்து ஜெயிக்கலாம், மூன்றே நாளில் கற்றுத் தருகிறோம் என்று போட்டிருந்தது. நம் ஊரில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கொழும்பு, அங்கே அந்த கிளப்புகள் இருக்கின்றன என்றும் போட்டிருந்தது. கட்டணம் அவருடைய ஒரு மாதப் பென்ஷனை விழுங்கிவிடும்.

துறையூரில் என் அப்பா தண்ணீர் பாய்கிற நல்ல வயலைச் சீட்டில் விட்டவர். அதற்குப் பிறகு அம்மா ஒரு சீட்டுக்கட்டைக்கூட வீட்டுக்குள் விட்டதில்லை. நானும் இந்த வீட்டில் விட்டதில்லை. அதையெல்லாம் நான் வாய் திறந்து சொல்லவில்லை. அடுப்படியில் நின்று பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

“நான் ஆடப் போறேன்னு யார் சொன்னா? எண்ணத்தான போறேன்” என்றார்.

அந்தப் பேச்சுக்கு அன்றைக்கு எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

வகுப்பு சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஓட்டல் ஹாலில் நடந்தது. மூன்று நாளும் இஸ்திரி போட்ட சட்டையோடு டியூட்டிக்குப் போகிற மாதிரி கிளம்பினார். சாயங்காலம் வந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். இருபது பேர் இருந்தார்களாம். துபாயிலிருந்து வந்தவர்கள், கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்கள், பெரிய கடைவீதியில் கடை வைத்திருக்கும் ஒருவர். பாடம் நடத்தியவர் கோட்டுப் போட்ட ஒரு தம்பி. ஆளுக்கு ஒரு சீட்டுக்கட்டு, ஒரு பேனா, கையகலத்தில் ஒரு புத்தகம். மத்தியானம் சாப்பாடு பரவாயில்லை, மோர்க்குழம்பில் மட்டும் உப்பு இல்லை. எல்லோரும் எப்போது ஜெயிக்கலாம், எவ்வளவு ஜெயிக்கலாம் என்றே கேட்டுக்கொண்டிருந்தார்களாம். மூன்றாம் நாள் மத்தியானத்துக்கு மேல்தான் அந்தத் தம்பி, நீங்கள் எண்ணுகிறீர்கள் என்று கிளப்காரனுக்குத் தெரிந்தால் மரியாதையாக வெளியே அனுப்பிவிடுவான் என்று சொன்னாராம். “ஸ்டாப்பிங் வந்தப்புறம் இந்த வண்டி அங்க போகாதுன்னு சொன்ன மாதிரி” என்று இவர் சிரித்தார். நானும் சிரித்தேன். கொழும்புக்குப் போக மாட்டார் என்று கொஞ்சம் தைரியம் வந்தது.

மறுநாள் சாப்பிட்டு எழுந்ததும் சீட்டுக்கட்டை எடுத்து மேஜையில் வைத்து என்னைக் கூப்பிட்டார். தினமும் மூன்று மணிக்குப் பழக வேண்டும், போடுவதற்கு எதிரில் ஒரு ஆள் வேண்டும் என்றார். அந்தக் கட்டைத் தொடவே எனக்குக் கை கூசியது. அப்பாவின் விரல்கள் ஞாபகம் வந்தன. ஆனால் கல்யாணமாகி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எனக்கு எதிரே உட்கார் என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. பஸ்காரர் வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார ஏது நேரம்? உட்கார்ந்தேன்.

எனக்குப் புரிய வேண்டும் என்று எல்லாவற்றையும் பஸ்ஸில் வைத்துச் சொன்னார். இரண்டிலிருந்து ஆறு வரை சின்ன சீட்டு. அது விழுந்தால் வண்டியில் ஒரு ஆள் ஏறுகிறான், ஒன்று கூட்டு. பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஆஸ் எல்லாம் பெரிய சீட்டு. அது விழுந்தால் ஒரு ஆள் இறங்குகிறான், ஒன்று குறை. ஏழு, எட்டு, ஒன்பது நடுச்சீட்டு. ஸ்டாப்பிங்கில் சும்மா வேடிக்கை பார்க்க நிற்கிறவன், அவனைக் கணக்கில் சேர்க்காதே. ஒரு கட்டில் இருபது பேர் ஏறுகிறவர்கள், இருபது பேர் இறங்குகிறவர்கள். ஐம்பத்திரண்டும் விழுந்து முடிந்தால் வண்டி காலியாக இருக்க வேண்டும்.

சரியாக எண்ணினோமா என்று பார்க்க ஒரு வழி வைத்திருந்தார்கள். முதலிலேயே ஒரு சீட்டை யாரும் பார்க்காமல் உருவித் தனியே வைத்துவிட வேண்டும். மிச்சத்தை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். முடிவில் வண்டியில் ஒரு ஆள் மிச்சம் நின்றால், ஒளித்து வைத்தது பெரிய சீட்டு. இறங்க வேண்டியவன் இறங்கவில்லை. ஒரு ஆள் குறைந்தால் அது சின்ன சீட்டு. வண்டி காலியாக இருந்தால் நடுச்சீட்டு. அந்த ஒற்றைச் சீட்டை நான் காபி டம்ளருக்கு அடியில் வைப்பேன்.

“எடுத்துப் பாக்கறது உன் வேலை. நீதான் செக்கர். செக்கர் ஏறிட்டா கண்டக்டர் எதையும் தொடக் கூடாது, கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும்” என்றார். அது அவர்கள் வேலையில் இருந்த வழக்கம். செக்கிங் இன்ஸ்பெக்டர் எண்ணி முடித்து ஒரு வார்த்தை சொல்கிற வரைக்கும் கண்டக்டர் பையைத் தொடக் கூடாது. அவர் அதை அப்படியே மேஜைக்குக் கொண்டு வந்துவிட்டார். தன் முடிவைச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வார். நான் டம்ளரைத் தூக்கிச் சீட்டை என் பக்கமாகத் திருப்பிப் பார்த்து, சரி என்று சொல்லிக் கட்டில் சொருகிவிடுவேன். சரியாக வந்த நாளில் தினசரி காலண்டர் தாளில் ஒரு டிக் போடச் சொன்னார். ஒரு மாசத்துக்கு டிக் விழ வேண்டும் என்றார். எதற்கு ஒரு மாசம் என்று நான் கேட்கவில்லை.

முதல் வாரம் எல்லாம் சரியாக வந்தது. நான் மெதுவாகத்தான் போட்டேன். அவர் உதட்டை அசைத்து எண்ணுவார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் சரி என்றதும் மீசைக்குள் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பை நான் கல்யாணமான புதிதில் பார்த்திருக்கிறேன். மூன்று மணி எப்போது ஆகும் என்று நானே கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். இந்த வயதில் சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, அந்த வாரம் நான் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, பாதிக் கட்டு போனதும் அவர் உதடு நின்றுவிட்டது. என் கையில் இருந்த சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் பார்க்கவில்லை. நான் போடாமல் காத்திருந்தேன். “போடு, போடு” என்றார். போட்டேன். முடிந்ததும் வேட்டியைச் சரிசெய்துகொண்டே, “சின்னது” என்றார். கையைக் கட்டிக்கொண்டார்.

டம்ளரைத் தூக்கினேன். ராஜா.

சீட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கட்டிய கை, ரிட்டயர் ஆனவருடைய வெள்ளை மீசை. மெமோ வந்த அன்றைக்குச் சுவரைப் பார்த்த முகம் அதற்குப் பின்னால் எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

“சரிதாங்க” என்றேன். ராஜாவைக் கட்டுக்குள் சொருகிக் கலைத்துவிட்டேன். காலண்டரில் டிக் போட்டேன்.

ஒரு தடவை சொல்லிவிட்டால் அடுத்த தடவை தானாகவே வந்துவிடும். அதற்குப் பிறகு ஒரு நாள் சரியாக வரும், இரண்டு நாள் வராது. வராத நாளிலும் நான் சரி என்றேன். அவர் எண்ணுகிற நேரத்தில் நானும் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஏறினான், இறங்கினான், ஏறினான். எனக்கு ஒரு நாளும் தப்பவில்லை. ஐந்தாவது படித்தவளுக்கு வருகிறது, டிக்கெட்டில் எழுதாமலே ஊரையே மனதில் வைத்திருந்தவருக்கு வரவில்லை. டம்ளரைத் தூக்குவதற்கு முன்னாலேயே அடியில் என்ன என்று எனக்குத் தெரிந்திருக்கும். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று பயந்துகொண்டு அந்தச் சில விநாடிகள் டம்ளரைப் பிடித்தபடி இருப்பேன்.

மற்றதையும் மறைத்தேன். ஒருநாள் காந்தி மார்க்கெட்டுக்குப் போனவர் பையில்லாமல் வந்தார். பை கிழிந்துவிட்டது என்று போனில் மகளிடம் சொன்னேன். ஒருநாள் இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுத் திருவானைக்காவலில் இறங்கி வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்தார். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று பக்கத்து வீட்டில் சொன்னேன். யாரும் கேட்கவே இல்லை, நானாகச் சொன்னேன். மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். போனில் ஒருநாள், “ஏம்மா, அப்பா சொன்னதையே சொல்றாரே” என்றாள். பேச்சுக்கு ஆள் இல்லை, அதனால்தான் என்றேன். அவளும் வேலைக்குப் போகிறவள், அதோடு விட்டுவிட்டாள்.

மாசம் முடிந்தது. காலண்டரிலிருந்து கிழித்து வைத்திருந்த தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு தாளில்கூட டிக் விட்டுப்போகவில்லை. கொல்லைப்பக்கம் போய் யாரிடமோ போனில் பேசினார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய் எனக்கு நாலு முழம் மல்லிகையும், கால் கிலோ மைசூர்பாகும் வாங்கி வந்தார். கொழும்புக்கு ஏற்பாடு செய்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். போகட்டும், போய்விட்டு வரட்டும், அப்படியே கொஞ்சம் பணம் போனாலும் போகட்டும் என்று நினைத்தேன். ஆனால் அவர் பாஸ்போர்ட் பற்றிப் பேசவே இல்லை. கொழும்பு என்ற பேச்சே எடுக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம்தான். அதையும் கேட்கவில்லை. நான் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். எங்கள் வீட்டில் கேட்பது என் பழக்கம் இல்லை.

அதற்குப் பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் மூன்று மணிக்குச் சீட்டுப் போட்டோம். டிக் போடுவதை விட்டுவிட்டோம். அவர் சந்தோஷமாக இருந்தார். நான் அவரைச் சந்தோஷமாக வைத்திருக்கிறேன் என்றுதான் நம்பினேன்.

போன ஆடி மாதம் ஒரு காலையில் கரண்ட் பில் கட்டப் போகிறேன் என்று கிளம்பினார். பதினோரு மணிக்கு அவரோடு வேலை பார்த்த ஒரு டிரைவர் அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் வண்டியில் ஏறி, ஆட்களை உள்ளே போகச் சொல்லி, டிக்கெட் டிக்கெட் என்று ஒவ்வொருவரிடமும் கை நீட்டியிருக்கிறார். கண்டக்டர் சின்னப் பையன் போலிருக்கிறது, சண்டைக்கு வந்திருக்கிறான். சிலர் சிரித்திருக்கிறார்கள். ஒரு அம்மா மட்டும் பேசாமல் காசைக் கொடுத்திருக்கிறார். அங்கே நின்ற இந்த டிரைவர் தெரிந்தவர் என்பதால் இறக்கிக் கூட்டி வந்தார். அந்தக் காசு இவர் சட்டைப் பையில் இருந்தது. “பாதி வண்டிக்கு டிக்கெட் போடல, மாம்பழச்சாலை வந்துடும்” என்று என்னிடம் படபடப்பாகச் சொன்னார். நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். டிரைவர் வாசலில் நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது வேர்வை இல்லை.

மகள் அன்றைக்கே கிளம்பி வந்தாள். தில்லைநகரில் ஒரு டாக்டரிடம் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். படத்தைக் காட்டி ஏதோ சொன்னார்கள். டாக்டர் என்னைப் பார்த்து, எப்போதிலிருந்து கவனித்தீர்கள் என்று கேட்டார். “இப்பத்தான், கொஞ்ச நாளா” என்றேன். அங்கேயும் பொய். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் நல்ல மனிதர். இது குணமாகிற வியாதி இல்லை, ஆனால் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் முன்னால் வந்திருந்தால் மருந்து கொடுத்துக் கொஞ்சம் தள்ளிப்போட்டிருக்கலாம், பரவாயில்லை, இப்போதும் கொடுப்போம் என்றார். பரவாயில்லை என்று அவர் சொன்னது என்னைச் சமாதானப்படுத்தத்தான். ஒன்றரை வருஷம் என்றதும் நான் எண்ணிப் பார்த்தேன். எண்ணுவதுதான் எனக்கு நன்றாக வருகிறதே. சரியாக ராஜாவைக் கட்டில் சொருகிய மாசத்தில் போய் நின்றது.

அதோடு போயிருந்தால்கூட, தெரியாமல் செய்துவிட்டேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன்.

கார்த்திகையில் அவருடைய போன் அடித்தது. அவர் இப்போது போனை எடுப்பதில்லை. அடித்தால் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துவிடுகிறார். தெரியாத நம்பர் என்றால் நான் எடுக்க மாட்டேன். அன்றைக்கு அது விடாமல் அடித்ததால் எடுத்தேன். அந்த வகுப்பு நடத்திய தம்பி. திருச்சியில் மறுபடி வகுப்பு போடுகிறார்களாம், பழைய ஆட்கள் வந்தால் பாதிக் கட்டணமாம். அவருக்கு உடம்பு சரியில்லை, ஞாபகம் போய்விட்டது என்று திக்கித் திக்கிச் சொன்னேன். அதற்கு அந்தத் தம்பி சொன்னார்.

“நான் ஐயாகிட்ட அப்பவே சொன்னேனேம்மா. மூணு நாளும் ஐயாவுக்குக் கணக்கு விட்டுப்போச்சு. மத்தவங்களுக்கு ஒண்ணு ரெண்டு விடும். ஐயா பாதியில எங்க நிக்கிறோம்னே தெரியாம நின்னாங்க. தனியாக் கூப்பிட்டு, இது பயிற்சியில சரியாகுற மாதிரி தெரியல, ஒரு டாக்டரைப் பாருங்கன்னு சொன்னேன். அதுக்கு ஐயா, எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கு தம்பி, தலை எப்படி இருக்குன்னு பாக்கத்தான் இந்த கிளாஸுக்கே வந்தேன், ஒரு மாசம் வீட்ல போட்டுப் பாக்கறேன், வரலேன்னா டாக்டர்கிட்ட போறேன்னாங்க.”

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“மாசம் கழிச்சு அவங்களே போன் பண்ணாங்க. டாக்டர் வேணாம் தம்பி, முப்பது நாளும் சரியா வந்திருக்குன்னாங்க. எனக்கு நம்பிக்கை இல்ல. யாரு சரி பாத்தான்னு கேட்டேன். என் சம்சாரம்தான் செக்கர், அவ பொய் சொல்ல மாட்டான்னாங்க.”

வேறு ஏதோ ஆறுதல் சொன்னார். எப்போது போனை வைத்தார் என்று எனக்குத் தெரியாது. நான் அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். அறைக்குள் எங்கள் வீட்டுக்காரர், வண்டியில் நிற்கிற மாதிரி, யாரையோ உள்ளே தள்ளிப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தத் தம்பிக்கு இவர் யார்? பணம் கட்டிய இருபது பேரில் ஒருவர். முகத்துக்கு நேராக, உங்களுக்கு வரவில்லை ஐயா என்று சொன்னார். மூன்று நாள் பழக்கம் உள்ளவர் சொன்னார். நாற்பது வருஷம் பக்கத்தில் படுத்தவள் சொல்லவில்லை. அவர் அந்த மேஜையில் என்னிடம் கேட்டது சீட்டு இல்லை. டாக்டரிடம் போகட்டுமா வேண்டாமா என்று முப்பது நாள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டிருக்கிறார். வேண்டாம், வேண்டாம் என்று நான் டிக் போட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை வரை இவ்வளவும் எழுதிப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது, இதையெல்லாம் மாடிப் பெண்ணிடம் சொல்ல முடியாது. நேற்று, ஞாயிற்றுக்கிழமை, அந்தச் சின்ன புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கொடியைப் பார்த்துக்கொண்டே பேசினேன், அப்படியென்றால் கொஞ்சம் பேச வருகிறது.

அங்கே சொல்லிக்கொடுத்தது எல்லாம் இந்தப் புத்தகத்தில் இருக்கிறது, இதில் இருப்பதெல்லாம் போனில் காசில்லாமல் கிடைக்கிறது என்று எங்கள் வீட்டுக்காரரே சொன்னார், மூன்று நாளில் கணக்கு புரிந்துவிடும், ஆனால் கை பழக மாசக்கணக்கில் ஆகும், அதற்கு வீட்டில்தான் உட்கார வேண்டும் என்றேன். ஜெயித்த ஆள் யாரையும் எனக்குத் தெரியாது, எண்ணத் தெரிந்த ஆளைக் கிளப்பில் உட்காரவே விட மாட்டார்களாம் என்றும் சொன்னேன். அவள் கிளிப்பை வாயில் வைத்துக்கொண்டு தலையாட்டினாள். அப்போ கட்ட வேண்டாம் என்று சொல்லிவிடவா என்று கேட்டாள்.

“தினம் எதிர்ல உக்காந்து சீட்டுப் போடப் போறது யாரு, நீதானே?” என்றேன்.

“வேற யாரு இருக்கா?”

“அவரு தப்பாச் சொன்னா, தப்புன்னு சொல்லுவியா?”

அவள் சிரித்துவிட்டாள். “நல்லாக் கேட்டீங்கம்மா. நாள் பூரா அதைத்தான சொல்லிக்கிட்டிருக்கேன்.”

“அப்ப கட்ட வேணாம். அப்படிச் சொல்ல ஆள் இல்லாதவங்கதான் காசு கட்டணும்” என்றேன். அவள் சிரிப்பு நின்று என்னைப் பார்த்தாள். புத்தகத்தைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

மணி மூன்று ஆகியிருந்தது. அவர் மேஜையில் உட்கார்ந்திருந்தார். இந்த நேரத்துக்கு அங்கே உட்கார வேண்டும் என்பது மட்டும் அவருக்கு இன்னும் மறக்கவில்லை. சில நாள் என்னைத் தெரிகிறது, சில நாள் நான் வண்டியில் ஏறிய ஆள். நேற்று என்னைத் தெரிந்தது. “எங்க போன? டைம் ஆகுதுல்ல” என்றார். காபி போட்டுக் கொடுத்துவிட்டுக் கட்டை எடுத்தேன். ஒரு சீட்டை உருவிக் காலி டம்ளருக்கு அடியில் வைத்தேன். மிச்சத்தைப் போட்டேன். அவர் உதடு அசையவில்லை. சீட்டுகளில் இருந்த பூவையும் ஈட்டியையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எண்ணினேன். முடிவில் வண்டியில் ஒரு ஆள் மிச்சம்.

கட்டு தீர்ந்ததும் அவர் கையைக் கட்டிக்கொண்டார். அதுவும் மறக்கவில்லை.

“நடுச்சீட்டு” என்றார்.

டம்ளரைத் தூக்கினேன். கிளாவர் ராணி. என் பக்கம் திருப்பாமல் அவர் பக்கமாக மேஜையில் வைத்தேன். கை பட்டு டம்ளர் உருண்டு கீழே விழுந்தது.

“தப்புங்க” என்றேன். அந்த வார்த்தையை அவரிடம் சொல்வது அதுதான் முதல் தடவை. சுவரைப் பார்த்துத் திரும்பிவிடுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அவர் ராணியைக் கையில் எடுத்துப் பார்த்தார். முன்னும் பின்னும் திருப்பினார். முகத்தில் ஒன்றுமே மாறவில்லை.

“அப்படியா?” என்றார். “சரி, இன்னொரு தடவை போடு.”